மண்ணறிந்த பெருந்தகை: ஜோசையா வெட்ஜ்வுட்

மக்கள் கைக்கொண்ட தொழில்களுள் மட்பாண்டத் தொழில் மிகத் தொன்மை வாய்ந்தது. தாம்பரத்திற்கு அணித்தேயுள்ள பல்லாவரத்துக் குன்றின் சாரலில், பெருங்கற்கால மக்கள் இறந்தாரை இட்டுப் புதைத்த சுடுமண் ஈமப்பேழைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. பன்னெடுங்காலம் நிலத்துள் கிடந்தும் அவற்றுட் சில உருக்கெடாது நிற்கின்றன. ஆயினும் அவற்றின் மீது கண்ணாடி போன்ற மெருகு யாதும் இல்லை. நம் நாட்டுக் குயவர் இன்று வனையும் தண்ணீர்ப் பானையும் மெருகற்றதே. அதன் நுண்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாதலால் உள்ளிருக்கும் நீர் குளிர்ச்சி பெறுகின்றது. தண்ணீருக்கு நலமாகிய அக்குணமே எண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் தீங்காய் முடிகின்றது. அதுபற்றியே நம் அன்னையர் ஊறுகாயை மெருகிட்ட ஜாடியில் இட்டு வைக்கின்றனர்.

மெருகு என்பது யாது? அது மட்கலத்தின் மேல் உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடித் தோலேயாகும். மணற்சத்தாகிய சிலிகா அக்கண்ணாடிக்கு உடலாய் அமைவது. அது தனியே சூளைத் தீயில் உருகாது. ஆதலின் அதனை உருகச் செய்யும் சுண்ணாம்பு, பொட்டாஷ், ஈயம், வெண்காரம் போன்ற இளக்கிகளுள் ஒன்றோ பலவோ வேண்டப்படும். உருகியது வழிந்தோடாமல் கலத்தைப் பற்றி நிற்கும் பொருட்டுக் களிமண்ணிலுள்ள அலுமினா வேண்டப்படும். இம்மூன்றும் தக்க அளவிற் கூடினாலன்றி மெருகு அமையாது. சிறிது பிறழினும் மெருகு வெடிக்கும், அல்லது உரிந்து வீழும், அல்லது கொப்புளிக்கும்.

இனி, இப்பொருள்களைத் தரும் கல்லும் மண்ணும் எல்லா நாடுகளிலும் ஒரு தன்மையாய்க் கிடைப்பதில்லை. ஒரே பெயர் பூண்ட கற்களும் இடந்தோறும் குணம் வேறுபடுகின்றன. ஏட்டில் எழுதிய பொருள் கிட்டாதவிடத்து அதற்கு மாற்றாக எதனை இடுவது? எவ்வளவு இடுவது? எளியதுபோல் தோன்றும் இவ்வினாவில் ஒரு தொழிலின் வாழ்வும் தாழ்வும் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வினாவோடு தம் வாழ்நாள் முழுதும் போராடிய ஆங்கிலக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்னும் கோட்டத்தில் பர்ஸ்லெம் என்பதோர் ஊர் உண்டு. அவ்வூரில் வழிவழியாகக் குயத்தொழில் செய்துவந்த குடும்பமொன்றில், பல மக்களுக்கும் இளையவராக ஜோசையா தோன்றினார். அவர் திருமுழுக்குப் பெற்றது 1730-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள். 1739-இல் தந்தையார் இறந்தார். ஒன்பது வயதுச் சிறுவர் பள்ளியை விடுத்துத் தொழிற்சாலையிற் புகுந்தார். 1744-இல் தம் மூத்த தமையனாரிடம் ஐந்தாண்டு தொழில் பயில ஒப்பந்தம் செய்யப்பெற்றார்.

இளமையிலேயே கொடிய பெரியம்மை அவரைப் பற்றியது. உயிர் பிழைத்தாரெனினும் அவருடைய வலது முழங்கால் வலியிழந்தது. காலால் உதைத்துச் சுழற்றும் திகிரியில் அமர்ந்து நெடுநேரம் வனைவது அவருக்கு இயலாததாயிற்று. குயவனுக்குக் கால் போயின் தொழில் போயிற்று என்றே உலகம் கருதும். அவரோ திகிரியை விட்டு மண்ணைக் குழைப்பதிலும், மெருகைக் கூட்டுவதிலும், தீயின் இயல்பை ஆராய்வதிலும் கருத்தைச் செலுத்தலானார்.

அந்நாளில் அவ்வட்டாரத்துக் குயத்தொழில் இருந்த நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். ஆண்டு நிலக்கரி மிகுதி. ஆனால் உள்ளூர்க் களிமண் சுட்டால் செம்மை அல்லது பழுப்பு நிறமே கொள்வது. மக்களோ சீனத்து வெண்பீங்கானைக் கண்டு மயங்கியிருந்தனர். வெண்மைக்காகத் தெற்கிலுள்ள டெவன், டார்செட் கோட்டங்களிலிருந்து வெண்களிமண்ணும், வேற்றிடங்களிலிருந்து சக்கிமுக்கிக் கல்லும் தருவிக்கப்பட்டன. அக்கல்லைச் சுட்டுப் பொடித்துச் சேர்த்தால் கலம் வெளுக்கும். ஆனால் உலர்ந்த கல்லை இடிக்குங்கால் எழுந்த தூசு தொழிலாளரின் நுரையீரலைப் புண்படுத்திப் பலரைக் கொன்றது. கல்லை நீரில் அரைக்கும் முறைக்கு 1726-இல் தனியுரிமை அளிக்கப்பட்ட பின்னரே அக்கேடு ஒருவாறு குறையலாயிற்று. மாற்றுப்பொருள் ஒன்று தொழிலுக்கு நலம் செய்யுங்கால் தொழிலாளிக்கு என் செய்கின்றது என்பதையும் நோக்க வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

சீனப் பீங்கானின் மறையை மேனாட்டார்க்கு விரித்துரைத்தவர் ஒரு கிறிஸ்தவ ஊழியரே. ஜிங்டெஷென் என்னும் பீங்கான் நகரில் தொண்டாற்றிய பிரெஞ்சு ஏசுசபைக் குரு தாந்த்ரகோல் என்பார், 1712-இலும் 1722-இலும் எழுதிய கடிதங்களில், கயோலின் என்னும் வெண்களிமண்ணும் பெட்டுன்ட்ஸே என்னும் கல்லுமே பீங்கானின் இரு கூறுகள் என விளக்கினார். அச்செய்தியை நூல்வாயிலாகக் கற்ற பிளிமத் நகரத்து மருந்து வணிகர் வில்லியம் குக்வொர்தி, சீனம் சென்று அப்பொருள்களைக் கொணர முற்படவில்லை. அவற்றை ஒத்தவை தம் நாட்டில் உளவோ எனத் தேடினார். கார்ன்வால் கோட்டத்தில் இரண்டையும் கண்டார். 1768-இல் அவற்றைக் கொண்டு பீங்கான் செய்யத் தனியுரிமையும் பெற்றார். இவ்வுரிமை பின்னர் வெட்ஜ்வுட்டின் வரலாற்றிலும் குறுக்கிடக் காண்போம்.

நிற்க. 1754-இல் வெட்ஜ்வுட், தாமஸ் வீல்டன் என்னும் சிறந்த குயவரோடு கூட்டுச் சேர்ந்தார். ஆண்டுதான் அவருடைய ஆராய்ச்சி வாழ்வு தொடங்கிற்று. 1759-இல் அவர் சோதனைக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கலவைக்கும் எண் இட்டார்; பொருள்களையும் நிறையையும் குறித்தார்; எந்தச் சூளையில் எவ்விடத்தில் வைத்துச் சுட்டது என்பதையும் விடாது எழுதினார். பிறர் கண்டறியாவண்ணம் பொருள்களின் பெயருக்குப் பதிலாகக் குறியெண்களை வழங்கினார். அம்முயற்சியின் முதற்பயனாகச் செம்பினால் நிறமேறிய அழகிய பச்சை மெருகு பிறந்தது. பயனற்றுப் போன கலவைகளையும் அவர் எழுதி வைத்தார் என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக. தவறியதை எழுதாதவன் அத்தவற்றையே மீண்டும் செய்வான்.

அவ்வாண்டிலேயே அவர் பர்ஸ்லெமில் தனித்தொழில் தொடங்கினார். 1762-இல் பயணத்தின்போது கால் நோயுற்று லிவர்ப்பூல் நகரிற் கிடந்த நாட்களில், தாமஸ் பெண்ட்லி என்னும் கல்வி நிறைந்த வணிகரின் நட்பு வாய்த்தது. 1764-இல் தம் உறவினராகிய சாராவை மணந்தார். மஞ்சள் கலந்த வெண்ணிறக் கலங்களை அவர் செம்மைப்படுத்தி, 1765-இல் சார்லட் அரசியார்க்குத் தேநீர்க் கலங்கள் செய்தளித்தார். அரசியாரின் இசைவோடு அவை அரசியின் கலங்கள் எனப் பெயர் பெற்றன. 1774-இல் ருஷ்ய நாட்டுப் பேரரசி இரண்டாம் கேதரீனுக்கு 952 உருப்படிகள் கொண்ட விருந்துக்கலத் தொகுதி முடிந்தது. மண்ணையும் கல்லையும் மலிவாய்க் கொணரவும், உடையும் கலங்களைச் சேதமின்றி அனுப்பவும் நீர்வழி வேண்டுமெனக் கண்டு, டிரென்ட் மெர்சி கால்வாய்க்காக உழைத்தார். 1766-இல் அதன் முதல் மண்ணை வெட்டியவரும் அவரே.

1768-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் அவருடைய வலது கால் துணித்து எடுக்கப்பட்டது. நோவறியாமற் செய்யும் மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மரக்காலோடு எழுந்தவர், அடுத்த ஆண்டிலேயே எட்ரூரியா என்னும் புதிய தொழிற்சாலையைத் திறந்தார்.

இனி, அவர் வேற்று மண் தேடிய வரலாற்றுக்கு வருவோம். வட அமெரிக்காவின் கரோலினா மலைகளில், செரோக்கி மக்கள் வாழும் நிலத்தில், மிக வெண்மையான களிமண் உண்டெனக் கேள்வியுற்று, 1767-இல் தாமஸ் கிரிஃபித்ஸ் என்பாரை அனுப்பினார். அவர் காடும் மலையும் கடந்து, அம்மக்களோடு பேசி, ஏறத்தாழ 5 டன் மண்ணைக் குதிரைகளின் மேலேற்றிக் கடற்கரை சேர்த்துக் கப்பலில் கொணர்ந்தார். மண் நல்லதே, வழியோ நெடிது, செலவோ பெரிது. அதனைச் சிறிது சிறிதாகவே வெட்ஜ்வுட் பயன்படுத்தினார். தொலைவிற் கிடைக்கும் சிறந்த பொருளைக் காட்டிலும் அண்மையிற் கிடைக்கும் தக்க பொருளே தொழிலை வாழ்விக்கும் என்னும் உண்மையை அவ்வனுபவம் உணர்த்தியது.

அண்மையில் இருந்ததோ கார்ன்வால் மண். ஆனால் அது குக்வொர்தியின் தனியுரிமையுட் பட்டிருந்தது. 1774-இல் அவ்வுரிமை பிரிஸ்டல் நகரத்து ரிச்சர்டு சாம்பியன் கைக்கு மாறிற்று. அவர் அதனை மேலும் பதினான்கு ஆண்டு நீட்டித்துத் தருமாறு 1775-இல் பாராளுமன்றத்தில் விண்ணப்பம் செய்தார். ஸ்டாஃபோர்ட்ஷயர்க் குயவர் சார்பில் வெட்ஜ்வுட் அதனை எதிர்த்தார். ஒருவன் கண்டறிந்த செய்முறை அவனுக்கு உரியதாகலாம். நிலத்துட் கிடக்கும் கல்லும் மண்ணும் எங்ஙனம் ஒருவனுக்கே உரியவாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். முடிவில் சாம்பியனுக்கு உரிமை நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஒளி ஊடுருவும் பீங்கானுக்கு மட்டுமே. ஏனைய மட்கலங்களிலும் மெருகிலும் அம்மண்ணையும் கல்லையும் எவரும் இடலாம் என்று வழி திறந்தது. உடனே அவர் ஜான் டர்னர் என்னும் குயவரோடு கார்ன்வால் சென்று மண் எடுக்க ஏற்பாடு செய்தார். இதன் பயனாக 1779-இல் முத்துவெண்மைக் கலம் வெளிவந்தது. அதன் உடலில் கார்ன்வால் வெண்களிமண் சேர்ந்தது; மெருகில் இட்ட சிறிதளவு கோபால்ட்டு மஞ்சட்சாயலை மறைத்து வெண்மையை மிகுவித்தது.

இவ்வழக்கில் அவர் முற்றும் தந்நலமற்றவராய் நின்றார் என யாம் கூறோம். பிறருடைய தனியுரிமையை எதிர்த்த அவரே தம் கலவைகளைக் குறியெண்களுள் மறைத்துப் பாதுகாத்தார். பெரியோர் வாழ்வை எழுதுங்கால் இத்தகைய முரண்களை மறைத்தல் ஆகாது.

அங்ஙனம் அவர் மறைத்தவற்றுள் தலைசிறந்தது ஜாஸ்பர் என்னும் கலத்தின் கூட்டு. நீல நிலத்தின் மேல் வெள்ளை உருவங்கள் புடைத்து நிற்கும் அக்கலம் மெருகின்றியே மென்மை வாய்ந்தது. பல்லாயிரம் சோதனைகளின் பின் 1775-ஐ ஒட்டி அது கைகூடிற்று. அதன் மறைபொருள், டெர்பிஷயர்ச் சுரங்கங்களில் ஈயத்தோடு கிடைக்கும் பேரியம் சல்பேட்டு என்னும் கனத்த வெண்கல். அக்கல் எளிதிற் கைவசப்படவில்லை. ஒரு நாள் நன்றாய் அமைந்த கலவை மறுநாள் கொப்புளித்தது. ஒரு சூளையில் வெண்மையாய் வந்தது மற்றொன்றிற் கறைபட்டது. பெயரை நம்பிப் பொருளை வாங்குதல் கூடாது, ஒவ்வொரு மூட்டையையும் சுட்டுப் பார்த்தே இடுதல் வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் சுவையுடையது. சூளையின் உள்வெப்பத்தை அளக்க அந்நாளிற் கருவி இல்லை. தீயின் நிறத்தைக் கண்ணாற் கண்டே மதித்தனர். களிமண் வெப்பம் மிகுந்தோறும் சுருங்குவதைக் கண்ட வெட்ஜ்வுட், சிறு களிமண் துண்டுகளைச் சூளையிலிட்டு, அவற்றின் சுருக்கத்தைப் பித்தளை அளவுகோலிற் பொருத்தி வெப்பத்தைக் கணிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். 1782-இல் அதனை ராயல் சொசைட்டியில் விளக்கினார். 1783-இல் அச்சங்கத்தின் உறுப்பினரானார். ஆனால் முதலிற் பயன்படுத்திய மண் தீர்ந்தபின், அதே குணமுள்ள மண் கிடைக்கவில்லை. மண் மாறினால் சுருக்கம் மாறும். சுருக்கம் மாறினால் அளவே பொய்க்கும். அவர் கார்ன்வால் களிமண்ணோடு படிகாரத்திலிருந்து பிரித்த அலுமினாவைக் கலந்து, பழைய மண்ணின் நடத்தைக்கு ஒப்பச் செய்தார். கருவியின் உயர்வெப்ப மதிப்புகள் மிகையானவை எனப் பின்னோர் கண்டனர். எனினும் ஒரு மண்ணின் குறையை மற்றொரு பொருளால் நிரப்பிச் சமன் செய்த அம்முறை நம் கருத்துக்கு உரியது.

அவருடைய முயற்சிக்கு எட்டாது நின்றதும் உண்டு. அரசியின் கலங்களுக்கு இட்ட மெருகில் ஈயம் இருந்தது. ஈயம் எளிதில் உருகும், பிழை பொறுக்கும், பளபளப்புத் தரும். ஆனால் மெருகுக் குழம்பில் நாள்தோறும் கை நனைத்த தொழிலாளரை அது முடக்கியது. ஈயத்திற்கு மாற்றாக வெண்காரத்தை வேறு பொருள்களோடு முன்னரே உருக்கிப் பொடித்து இடும் முறை பரவ நெடுங்காலம் சென்றது. பிரிட்டனில் பச்சை ஈய மெருகு சட்டத்தால் விலக்கப்பட்டது 1947-இன் விதிகளினாலேயே. மாற்றுப்பொருள் காண்பது செலவைக் குறைப்பதற்கு மட்டுமன்று, உயிரைக் காப்பதற்குமாம் என்பதை அத்தொழிலாளரின் துயரம் நமக்கு அறிவுறுத்துகின்றது.

சமயக் கொள்கையில் வெட்ஜ்வுட் நாட்டுத் திருச்சபையோடு இணங்காத பிரிவினரைச் சார்ந்தவர். மனிதரை மனிதர் விற்கும் அடிமை வாணிகத்தைக் கண்டு உள்ளம் கொதித்தார். 1787-இல் அவ்வாணிகத்தை ஒழிக்கத் தோன்றிய சங்கத்திற்காக, விலங்கு பூண்டு மண்டியிட்டு நீதி வேண்டும் ஓர் ஆப்பிரிக்கரின் உருவத்தைச் சிறு ஜாஸ்பர் வில்லைகளிற் பொறித்து இலவசமாய் வழங்கினார். மக்கள் அவற்றைப் பெட்டிகளிற் பதித்தும் கைவளைகளிற் கோத்தும் அணிந்தனர். பிரிட்டிஷ் அடிமை வாணிகம் 1807-இல் சட்டத்தால் ஒழிந்தது. அதனைக் காண அவர் உயிரோடில்லை. 1795-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் அவர் எட்ரூரியாவில் காலமானார். அவருடைய மகள் சூசன்னாவின் மைந்தரே, உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின்.

வெட்ஜ்வுட்டுக்கு வாய்த்த வழி சோதனை ஒன்றே. டால்ட்டன் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டது 1808-இல். அதன் பின் வளர்ந்த இரசாயனத்தைக் கொண்டு, ஜெர்மானியராகிய ஹெர்மன் ஸேகர் (1839–1893) மெருகுக் கலவையைக் கணக்காக மாற்றினார். கல்லின் பெயரையும் நிறையையும் விட்டு, சூளையில் எஞ்சி நிற்கும் ஆக்ஸைடுகளின் மூலக்கூறு விகிதத்தை நோக்குக என்பதே அவர் கண்ட நெறி.

இதனை நம் கடற்கரைக் கிளிஞ்சலைக் கொண்டே விளக்குவோம். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. அதன் 100 பங்கு தீயில் 44 பங்கு வாயுவை இழந்து 56 பங்கு சுண்ணத்தைத் தரும். அதே 56 பங்கு சுண்ணம் 74 பங்கு நீற்றிய சுண்ணாம்பிலும் உண்டு. ஏட்டில் கிளிஞ்சற்பொடி 100 என்றிருக்க, நீற்றிய சுண்ணாம்பை 100 இடுபவன், வேண்டிய சுண்ணத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் மிகுதியாய் இட்டவனாவான், மெருகும் கெடும். ஆகவே நிறைக்கு நிறை மாற்றுதல் தவறு. பயனுக்குப் பயன் மாற்றுதலே முறை.

மேலும், மாற்றுப்பொருள் நாம் வேண்டியதோடு வேண்டாததையும் கொணரும். பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கருங்கல் வகைக்கு, 1893-இல் ஹாலந்து என்னும் நிலநூலறிஞர் சார்னோகைட்டு எனப் பெயரிட்டார். அதில் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் உண்டு, மெருகுக்கு உகந்தவையே. ஆனால் இரும்பு கொண்ட கனிமமும் உடனுண்டு. அதனைப் பொடித்து வெண்மெருகு செய்யப் புகுந்தால் பழுப்பே மிஞ்சும். பழுப்பு வேண்டுவார்க்கோ அதுவே நலமாகலாம். கார்ன்வால் கல் வேண்டுமெனக் கூறும் ஆங்கில ஏட்டைக் கையிற் கொண்டவர் சீமையை நோக்கிக் காத்திருத்தல் வேண்டா. அக்கல்லின் பகுப்பை அறிந்து, சேலம், திருச்சி வட்டாரங்களின் பெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும், நெய்வேலியில் நிலக்கரிக்கு மேற்கிடக்கும் வெண்களிமண்ணையும் தக்கபடி கூட்டி அதற்கு ஈடு செய்ய முயலலாம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியிருப்பது நம் மண்ணின் தகுதிக்குச் சான்று. கணக்கு முடிந்தபின்னும் சிறு ஓட்டின் மேல் பூசிச் சுட்டுப் பார்த்தே துணிதல் வேண்டும். ஏனெனில் பொடியின் நுண்மையும் சூளையின் தீயும் கணக்கில் அடங்கா.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? இழந்த காலுக்கு ஈடாக ஆராய்ச்சியையும், எட்டாத மண்ணுக்கு ஈடாக எட்டிய மண்ணையும், தீர்ந்த மண்ணுக்கு ஈடாகத் தாமே கூட்டிய மண்ணையும் கொண்டவர் வெட்ஜ்வுட். இல்லாததை எண்ணி ஏங்காது, உள்ளதன் குணத்தை ஆழ்ந்தறிந்து, அளந்து, எழுதி, மீண்டும் முயல்வதே அவர் கைக்கொண்ட நெறி. இரசாயன சாலையில் தராசைக் கையிலெடுக்கும் நம் மாணவரும், விடுமுறையில் ஊர்க்குயவரின் சூளையருகே நின்று நோக்கும் நம் நண்பரும் அந்நெறியைப் போற்றுவாராயின், நம் காலடி மண்ணின் அருமையை நாமே அறியும் நன்னாள் தொலைவில் இல்லை.